ஐம்பதில் நாலு

அச்சிமுகம்மதுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி மூன்று வருடம். அதை அவர் பொறுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில் மெல்ரொயைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

திங்களும் வியாழனும் டயலிசிஸ் வார்டில் நாலு மணித்தியாலம் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகக் கிடப்பார்கள். இரத்தம் குழாய் வழியே வெளியே போய், மிசினில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்கு வரும். அந்த நேரத்தில் மற்ற நோயாளிகள் நித்திரை கொள்வார்கள், போன் பார்ப்பார்கள், வாய்க்குள் திக்ர் ஓதுவார்கள். அச்சிமுகம்மது மெல்ரொயைப் பார்ப்பார்.

மெல்ரொய் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். மெதடிஸ்த சபைக்காரன், வயது நாற்பத்தொன்று. கலியாணங்களுக்குப் படம் பிடித்துப் பிடித்து, ஆட்களைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி, அவனுக்கும் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊசி குத்தும்போதும் சிரிப்பான். நோயாளி என்றால் நோயாளி மாதிரி இருக்க வேண்டாமா? அதுமட்டுமா, அவனுடைய கையில் ஊசி ஒரே குத்தில் ஏறும். அச்சிமுகம்மதின் கையில் நரம்பு தேடி மூன்று தரம் குத்துவார்கள். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணிதான் குடிக்கலாம் என்று இருவருக்கும் ஒரே சட்டம். வார்டில் நிறுத்துப் பார்த்தால் மெல்ரொய்க்கு ஒன்றரைக் கிலோதான் கூடியிருக்கும். இவருக்கு நாலு கிலோ. அண்ணன் முறையில் எல்லோருக்கும் அவர் காக்கா. "காக்கா, பாருங்க தம்பிய. எவ்வளவு கவனமா இரிக்கார்" என்று தாதி மிஸ் சொல்லும்போது அச்சிமுகம்மது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மெல்ரொய்க்கு இன்னும் ஒரு நாளைக்கு ஒரு கோப்பை அளவு சலம் போகும். அச்சிமுகம்மதுக்கு அது அடியோடு நின்று ஒரு வருடமாகிவிட்டது. டயலிசிஸ் நடுவில் மெல்ரொய் வெட்கத்தோடு மிஸ்ஸைக் கூப்பிட்டுப் போத்தல் கேட்பான். திரைச்சீலைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். ஒருத்தன் சலம் பெய்கிற சத்தத்துக்கு இன்னொருத்தனின் வயிறு எரியும் என்று சுகதேகிகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அச்சிமுகம்மதுக்கு எரிந்தது.

"அவன் உங்களுக்கு என்ன செஞ்ச?" என்று மனைவி சபியா கேட்பாள். சாய்ந்தமருது வீட்டிலிருந்து வார்டுக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அவள்தான். வழியெல்லாம் மெல்ரொய் புராணம் கேட்டுக் காது புளித்துப்போனவள்.

"ஒண்டும் செய்யல்ல. அதுதான் எரிச்சல்" என்பார். அந்த மட்டுக்கு அவர் நேர்மையான மனிதர்.

நோய் வருமுன் அவர் செய்த தொழிலில் இந்தக் குணம் பெருமையாக மதிக்கப்பட்டது. நற்பிட்டிமுனைப் பக்கத்து அரிசி மில் ஒன்றுக்கு நெல்லுப் பார்க்கிற ஆள் அவர். முப்பது வருட உத்தியோகம். அவருடைய இடுப்பில் குத்தூசி இருக்கும். ஒரு முழ நீளம், நடுவில் வாய்க்கால் போலக் குழி, முனை கூர். கட்டிய மூட்டைக்குள் குத்தி இழுத்தால் சிறங்கையளவு நெல் வரும். உள்ளங்கையில் விரித்து, பதரை ஊதி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு மூட்டையை ஒரு குத்தில் அவர் நம்பியதில்லை. மேலே நல்லதைப் போட்டு அடியில் ஈர நெல்லை ஒளிக்கிற ஆட்களை அவர் கண்டவர். மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று குத்துவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலில் காட்டும் நெல்லை அவர் எடுப்பதேயில்லை. நல்லதாக இருந்தாலும் கையை உதறிவிட்டு, "சரிவராது" என்று வளவு வாசலான கடப்படிப் பக்கம் நடப்பார். மெல்ல நடப்பார், பின்னால் காதை வைத்துக்கொண்டு. கடப்படியைத் தாண்டுமுன் நெல்லுச் சொந்தக்காரப் போடியார் குரல் கொடுப்பார். "காக்கா, நில்லுங்க! உள்ளுக்கு வேற மூட்டை இரிக்கி, அதப் பாருங்க." நல்ல மூட்டை எப்போதும் அந்தக் குரலுக்குப் பிறகுதான் வெளியே வரும். முப்பது வருடத்தில் ஒருதரமும் அவர் கூப்பிடப்படாமல் கடப்படியைத் தாண்டியதில்லை. வாழ்க்கையே இப்படித்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

கிட்னி விசயத்திலும் அப்படியே. மகள் ஸம்றா தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று அழுதாள். கலியாணம் முடிக்காத பிள்ளையின் உடம்பில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். சபியாவுக்குச் சீனி வருத்தம், அவளால் ஏலாது. மிஞ்சிய ஒரே வழி, எங்கேயோ மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னியை அவருடைய உறவினர் தானமாகக் கொடுப்பது. அதற்கு ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. அச்சிமுகம்மதின் பெயர் அதில் ஏறியது. எட்டு மாதம் கழித்து மெல்ரொயின் பெயரும் ஏறியது. இரண்டு பேருக்கும் பி பொசிட்டிவ்.

"இரத்தத்திலயும் போட்டிக்கு வந்திட்டான்" என்றார் சபியாவிடம்.

ஒரு வியாழக்கிழமை காலை, மிசினில் கிடக்கும்போது மெல்ரொயின் போன் அடித்தது. "ஓம் சேர்... ஓம், வாறன் சேர்... இப்ப டயலிசிஸ்லதான் இரிக்கன்..." மெல்ரொய் போனை வைத்துவிட்டு மேலே பார்த்தான். அவனுடைய சிரிப்பு முதல்தரமாக நடுங்கியது. "காக்கா, கண்டியிலருந்து. கிட்னி ஒண்டு வந்திரிக்காம்."

அடுத்த நாலு நிமிடம் அச்சிமுகம்மது பட்டதை எந்த நோயிலும் பட்டதில்லை. எட்டு மாதம் பிந்தி வந்தவன்! வாய் "மாஷா அல்லாஹ், நல்லம் தம்பி" என்றது. நெஞ்சுக்குள் நெருப்புத் தள்ளினாற்போல இருந்தது. மிசினில் பிரஷர் ஏறி மணி அடித்தது, மிஸ் ஓடிவந்தாள். அப்போதுதான் அவருடைய போனும் அடித்தது.

ஒரே ஆளின் இரண்டு கிட்னிகள். பட்டியலில் முதலாவது அச்சிமுகம்மது, இரண்டாவது மெல்ரொய். ஒருவருக்குப் பொருந்தாமல் போனால் என்று மூன்றாவதாகப் பொலன்னறுவையிலிருந்து ஒருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். தான்தான் முதலாவது என்பதைக் கேட்டதும் அச்சிமுகம்மதின் பிரஷர் இறங்கிவிட்டது. மெல்ரொயைத் தானே கூப்பிட்டு, "ஒரே வேன்ல போவம் தம்பி" என்றார். முதலாவது ஆளுக்குத்தானே தாராளம் வரும்.

மகியங்கனைப் பாதையால் வேன் ஏறியது. முன் சீட்டில் சபியா யாசீன் ஓதினாள். பின்னால் மெல்ரொயின் மனைவி சுஜீதா கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். இரண்டு ஆண்களும் ஒன்றும் தின்னாமல், ஒன்றும் குடிக்காமல், வளைவுகளில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு போனார்கள். அந்த ஆறு மணித்தியாலமும் அச்சிமுகம்மதுக்கு மெல்ரொயை ஏறக்குறையப் பிடித்திருந்தது.

கண்டியில் இரத்தம் எடுத்தார்கள். கொரிடோர் வாங்குப் பலகையில் மூன்றாவது ஆள் ஏற்கெனவே இருந்தார். வெள்ளைச் சாரம், கையில் ஒரு சொப்பிங் பை, வயல் வேலை செய்து வெடித்த கால்கள். சிங்கள வயல்காரர். அச்சிமுகம்மது அவருடைய பாதத்தைப் பார்த்தே அவர் விதைப்பது நாட்டு நெல்லா சம்பாவா என்று சொல்லிவிடுவார், அப்படியான கண். மனிதர் இவர்களைப் பார்த்து எழும்பி இடம் விட்டார்.

இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு லேடி டொக்டர் அச்சிமுகம்மதை உள்ளே கூப்பிட்டார். தமிழ் நன்றாகக் கதைத்தார்.

"ஐயா, எல்லா டெஸ்ட்டும் பொருந்துது. ஆனா ஒண்டு ஒளிக்காமச் சொல்லோணும். கிட்னி தந்தவருக்கு அறுபத்திமூண்டு வயசு. பிரஷர் இருந்திருக்கு. மூளையில ரத்தம் கசிஞ்சு மௌத்தானவர். இப்படியான கிட்னிய நாங்க கண்ண மூடிக்கொண்டு வைக்கமாட்டம். பார்த்துத்தான் வைப்பம்."

"எப்பிடிப் பாக்கிற?" என்றார் அச்சிமுகம்மது. முப்பது வருட உத்தியோகம் முதுகை நிமிர்த்தியது.

டொக்டர் சொன்னார். எடுக்கும்போதே சேர்ஜன் நிறத்தைப் பார்ப்பார். விரலால் அமுக்கி, மெதுவா, கல்லுமாதிரி இறுக்கமா என்று பார்ப்பார். இரத்தக்குழாயின் வாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று தடவுவார். தந்தவர் உயிரோடிருந்த கடைசி நாட்களில் அந்தக் கிட்னி எவ்வளவு சலம் விட்டது, இரத்தத்தில் கழிவு எவ்வளவு தங்கியது என்று கணக்கைப் பார்ப்பார்கள். பிறகு ஊசியால் குத்தி நூல் மாதிரி ஒரு துண்டு எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அதற்குள் இருக்கும் சல்லடைகளை எண்ணுவார்கள். எத்தனை வேலை செய்கிறது, எத்தனை அடைபட்டுச் செத்துவிட்டது என்று.

அச்சிமுகம்மதின் முகம் விளக்குப் போட்டாற்போல ஆகிவிட்டது. "அட, குத்தூசி!" என்றார். "டொக்டர், எங்க குத்தின? ஓரத்திலயா, உள்ளுக்கா?"

டொக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கேள்விய என்ட மாணவர்கள்கூடக் கேக்கிறதில்ல. மேல்தோல் பக்கம் மட்டும் எடுத்தா செத்தது கூடுதலாத் தெரியும். அதால ஆழத்துக்குப் போய் எடுக்கிற. உங்களுக்கு வெச்சிருக்கிற கிட்னியில அம்பது சல்லடை எண்ணினம். நாலுதான் அடைபட்டிருக்கு. பத்துக்குமேல போனாத்தான் நாங்க யோசிப்பம். இது நல்ல கிட்னி ஐயா. ஐஸ்ல இருக்கு. நேரம் போகப் போக அதுக்குத்தான் கூடாது. சம்மதமெண்டா ஒப்பம் வையுங்க."

"மனிசிட்டச் சொல்லிட்டு வாறன்" என்று வெளியே வந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. ஐம்பதில் நாலு! நூற்றுக்கு எட்டுப் பதர். அறுபத்திமூன்று வயதுக் கிட்னிக்கு அது முதல்தர நெல். அவர் உள்ளே இருந்த நேரத்தில் மெல்ரொயை வேறொரு அறையில் இன்னொரு டொக்டர் கூப்பிட்டுக் கதைத்திருந்தார். மெல்ரொய் தண்ணீர்த் தாங்கிப் பக்கத்தில் தனியே நின்றான்.

அச்சிமுகம்மதுக்கு வாய் சும்மா இருக்குமா? "எனக்கு அம்பதில நாலு தம்பி. உங்களுக்கு எத்தின?"

மெல்ரொய் கையில் இருந்த கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு, காக்கா" என்றான்.

அச்சிமுகம்மது மனதுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு. ஒரே ஆளின் இரண்டு கிட்னி, அதிலும் நல்லது அவனுக்கு! ஊசியும் அவனுக்கு ஒரே குத்து, சலமும் அவனுக்கு, பாராட்டும் அவனுக்கு, இப்போது இதுவும். பட்டியலில் முதலாவதாக நின்றவனுக்குக் கழிவா? சின்ன வயசென்று பார்த்துக் கொடுத்திருப்பார்கள். சோனகக் கிழவனுக்கு இது காணும் என்று நினைத்திருப்பார்கள். நாலு நிமிடத்துக்கு முன் முதல்தரமாக இருந்த கிட்னி இப்போது அவருடைய கண்ணில் ஈர நெல்லாகிவிட்டது.

திரும்ப டொக்டரிடம் போனார். "இன்னொருக்காக் குத்திப் பாப்பமா?" என்றார்.

"ஒவ்வொரு குத்தும் அதுக்குக் காயம் ஐயா. ஒருக்கா பார்த்தாச்சு. காணும்."

"மற்றக் கிட்னிய எனக்கு வெச்சா என்ன?"

"அது மற்றவருக்கு. அவர்ர விசயத்த நான் உங்களோட கதைக்கேலா."

பார்த்தீர்களா, ஒளிக்கிறார்கள் என்று நினைத்தார். அடியில் நல்ல மூட்டை இருக்கிறது. முப்பது வருடப் பழக்கம் அவரை அறியாமலே கையை உதறியது. "அப்ப எனக்கு வேணாம் டொக்டர். வயசாளிட கிட்னி. சரிவராது."

டொக்டர் அவரை வற்புறுத்தவில்லை. "இது உங்கட உரிமை. பட்டியல்ல பேர் இருக்கும். ஆனா இதவிட நல்லது வரும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டன்."

அவர் கொரிடோரில் நடந்தார். மெல்ல நடந்தார், பின்னால் காதை வைத்துக்கொண்டு. வாங்கைத் தாண்டினார். படம் போட்ட சுவரைத் தாண்டினார். படிக்கட்டு வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பில் கல் ஏறினாற்போலக் குனிந்து தட்டினார். பின்னால் கதவு திறந்தது. டொக்டரின் குரல் வந்தது. ஆனால் அது சிங்களத்தில் வந்தது.

வெள்ளைச் சாரக்காரர் வாங்கிலிருந்து எழும்பினார். டொக்டர் அவருக்கும் எல்லாம் விளங்கப்படுத்தினார், கதவு திறந்தே இருந்தது. மனிதர் எத்தனை என்று ஒருதரமும் கேட்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, டொக்டரின் காலைத் தொடப் போனார், அவர் தடுத்தார். பேனையை வாங்கி மேசையில் குனிந்து ஒப்பம் வைத்தார். அச்சிமுகம்மது படிக்கட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் அந்தக் கடதாசியைப் பறிக்க ஒரு கணம் கால் எழும்பியது. மானம் விடவில்லை.

அடுத்த பக்கத்தில் மெல்ரொயைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். அவன் கண்ணை மூடியிருந்தான்.

"என்ன நடந்த?" என்று சபியா கேட்டாள்.

"வயசாளிட கிட்னி. நான்தான் வேணாமெண்ட. நல்லதொண்டு வரும், இன்ஷா அல்லாஹ்" என்றார். இரண்டு, நாலு என்ற கதையைச் சொல்லவில்லை. சொன்னால் சபியா அந்த இடத்திலேயே அவரைப் போட்டுவிட்டு வேனில் ஏறியிருப்பாள். வேன் ஆறு மணித்தியாலம் திரும்பி ஓடியது. ஒருவர் தோளில் ஒருவர் சாய ஆளில்லை.

மெல்ரொயின் கட்டிலுக்கு வேறு யாரோ வந்தார்கள். ஆனால் மெல்ரொய் போகவில்லை, அச்சிமுகம்மதின் தலைக்குள் இருந்தான். அங்கே தண்ணீர் குடித்தான், செம்பு செம்பாகக் குடித்தான். இவருக்கு விலக்கான இளநி குடித்தான். வாழைப்பழம் தின்றான். விடியச் சாமத்தில் எழும்பிச் சலம் பெய்தான். மூன்றாம் மாதம் நேரிலும் வந்தான், முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, கன்னம் ஊதி, கையில் ஒரு பெட்டி தொதல் இனிப்போடு. வாசலில் நின்றே கதைத்தான். அச்சிமுகம்மதின் கண்ணைப் பார்க்கவில்லை. சிரிக்கவுமில்லை. பெட்டியைச் சபியாவிடம் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விட்டான்.

"பாத்தியா, பெருமைய. நம்மட முகத்தப் பாக்கேலாதாம் இப்ப" என்றார் அச்சிமுகம்மது. தொதலை அவர் தொடவில்லை. அதில் சீனி கூடுதல் என்று காரணம் சொன்னார்.

அந்தப் பதினாலு மாதம் அவரை உருக்குலைத்தது. இரண்டாம் மாதமே கையில் ஊசி ஏறும் குழாய் அடைபட்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள், அதில் கிருமி ஏறிப் பன்னிரண்டு நாள் காய்ச்சல். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் ஆசைக்கு இரண்டு கோப்பை கஞ்சி கூடுதலாகக் குடித்துவிட்டு, நெஞ்சில் தண்ணி ஏறி, மூச்சு எடுக்க முடியாமல் அம்புலன்ஸில் போனார். ஸம்றா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, அண்டைக்கு ஏன் வேணாமெண்டீங்க?" என்று கேட்டாள். அவர் ஒட்சிசன் மூடியோடு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு மௌத்துக்குப் பயமாக இருந்தது. அதைவிட, மெல்ரொய் ஜனாஸா பார்க்க வந்து நிற்பதை நினைக்கப் பொறுக்கவில்லை.

பதினைந்தாம் மாதம் மறுபடி போன் அடித்தது. லுஹர் தொழுகை நேரம். அச்சிமுகம்மது எடுக்குமுன் சபியா எடுத்தாள். "ஓம். வாறம். இப்பவே வாறம்" என்றாள். அவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. "மற்றக் கிட்னி ஆருக்கெண்டு கேக்கத்தானே? தேவையில்ல. ஒழும்புங்க" என்றாள். சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததோ என்று அவர் வழியெல்லாம் யோசித்தார்.

அதே லேடி டொக்டர். தந்தவருக்கு அறுபத்தாறு வயது. இந்தமுறை ஒரே ஒரு கிட்னிதான். மற்றதைக் கையால் அமுக்கிப் பார்த்துச் சேர்ஜன் கழித்துவிட்டார். இதில் ஐம்பதுக்குப் பத்து அடைபட்டிருந்தது. "எல்லையிலதான் நிக்குது. ஆனா உங்களுக்கு இனிப் பொறுக்க ஏலாது" என்றார் டொக்டர். அச்சிமுகம்மது பேனையை வாங்கி பிஸ்மி சொல்லி ஒப்பம் வைத்தார். அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கிட்னி உடனே வேலை செய்யவில்லை. ஒரு கிழமை நித்திரை கொண்டது. எட்டாம் நாள் கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக நாலு விரல் அளவு தெரிந்தது. அச்சிமுகம்மது அந்தப் பையைப் பார்த்து அழுதார். மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்க் கட்டில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பத்தாம் நாள் மெல்ரொய் வந்தான். அன்று அவனுக்கு அங்கே கிளினிக். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. கட்டிலிலிருந்து தள்ளிக் கதிரையைப் போட்டு இருந்தான். சபியா சூப் வாங்கக் கன்டீனுக்குப் போயிருந்தாள்.

"எப்பிடி காக்கா? எத்தினயாம்?"

அச்சிமுகம்மதுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "ஒண்டு" என்றார். "அம்பதில ஒண்டு."

மெல்ரொயின் கண் சுருங்கியது. மாஸ்க் உள்ளே இழுபட்டது. "நல்லம் காக்கா" என்றான். அந்தக் குரலை அச்சிமுகம்மது உடனே அடையாளம் கண்டுகொண்டார். வார்டில் "மாஷா அல்லாஹ், நல்லம் தம்பி" என்று சொன்ன தன்னுடைய குரல்தான் அது. அட, இவனுக்கும் எரிகிறது! மூன்று வருடம் ஏங்கிய காட்சி கண்ணுக்கு முன்னால். ஆனால் இனிக்க வேண்டிய இடத்தில் ஏனோ ஒருமாதிரிக் கூச்சமாக வந்தது.

"பொய் தம்பி. பத்து" என்றார். "உங்களுக்கு ரெண்டெண்டு கேட்ட நாளிலருந்து எனக்கு இதே வேலை. அண்டைக்கு நான் வேணாமெண்டதும் அதுக்குத்தான். உங்களுக்கு ரெண்டு, எனக்கு நாலா எண்டுதான்."

மெல்ரொய் கதிரையிலிருந்து எழும்பினான். மறுபடி இருந்தான். மாஸ்க்கைக் கீழே இறக்கினான். அந்த முகத்தில் சிரிப்பின் ஒரு கீறலும் இருக்கவில்லை.

"எனக்கு ரெண்டில்ல காக்கா. ஒம்பது."

"என்ன?"

"ஒம்பது. நீங்க நாலெண்டு சொல்லிக்கொண்டு வந்தீங்க. பட்டியலிலயும் நீங்கதான் முதல். எனக்கு வயிறு பத்திச்சு காக்கா. ரெண்டெண்டு வாயில வந்திட்டு. அதுக்காக நீங்க விட்டுட்டுப் போவீங்களெண்டு ஆண்டவரறிய நான் நினைக்கல்ல. ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிச்சாப் பிறகுதான் நீங்க போயிட்டீங்களெண்டு சுஜீதா சொன்ன. தொதல் கொண்டு வந்த அண்டைக்குச் சொல்லத்தான் வந்த. உங்கட கழுத்தில அந்தக் குழாயைக் கண்டதும் வாய் வரல்ல."

அச்சிமுகம்மதுக்கு அடிக்கக் கை எழும்பவில்லை, கையில் ஊசி இருந்தது. பொலன்னறுவை வயல்காரர் பேனையைப் பிடித்துக் குனிந்த முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது. மெல்ரொய் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு விம்மினான். இவருக்கும் கண்ணிலிருந்து வழிந்தது.

சூப்போடு உள்ளே வந்த சபியா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன ரெண்டு பேரும்? என்ன நடந்த?"

"சபியா," என்றார் அச்சிமுகம்மது. பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்கிற குரலில்தான் தொடங்கினார், நடுவில் குரல் உடைந்துபோயிற்று. "அண்டைக்கு... ரெண்டுலயும் நல்லது எனக்குத்தானாம் வந்த."

சபியா சூப்பைக் கட்டிலோர மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்து, கரண்டியைத் துடைத்து, அவருடைய கையில் கொடுத்தாள்.

"அத வேணாமெண்டு சொன்ன ஆரு?" என்று கேட்டாள்.